சாமுவேல் பிஸ்க் கிறீன்

மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (அக்டோபர் 10, 1822 - மே 28, 1884) என்பவர் அமெரிக்காவில் பிறந்து, யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய மிசனரி ஆவார். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழ் மொழியில் கற்பித்து, அதற்கான பாடநூல்களைத் தமிழில் ஆக்கிய முன்னோடியாக இவர் அறியப்படுகிறார். இவரும் இவருடைய மாணவர்களும் மொழிபெயர்த்த நூல்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்டவை. அறிவியல் தமிழ் வரலாற்றில் கலைச்சொல்லாக்கத்தையும், புதிய சொற்களின் பொருளை மாணவருக்கு விளக்கும் முறையையும் ஒருங்கே முயன்று பார்த்தவர்களுள் இவர் முதன்மையானவர்.

இளமையும் கல்வியும்

கிறீன் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரில் பிறந்தார். அவருடைய குடும்பத்தினரின் பண்ணை வீடு இருந்த இடம் கிறீன் இல் என அழைக்கப்பட்டது. பதினொரு பிள்ளைகள் கொண்ட பெரிய குடும்பம் அது. அவருடைய மூத்த சகோதரர்களுள் ஒருவரான அண்ட்ரூ அசுவெல் கிறீன் பின்னாளில் நியூயார்க் நகர வளர்ச்சியில் பெரும்பங்கு கொண்டவராகவும், அந்நகரின் மத்திய பூங்கா உருவாக்கத்தில் முன்னின்றவராகவும் புகழ்பெற்றார்.

நியூயார்க்கில் மருத்துவம் பயின்ற கிறீன் 1845 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். சமயப் பற்று மிக்கவராதலால், அமெரிக்க மிசன் சங்கத்தின் வழியாக வெளிநாட்டில் மருத்துவப் பணி செய்ய முன்வந்தார். 1847 ஆம் ஆண்டில் இலங்கைக்குப் புறப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசன்

அமெரிக்க மிசனின் பணி யாழ்ப்பாணத்தில் 1816 இல் தொடங்கியது. 1823 இல் வட்டுக்கோட்டை செமினரி நிறுவப்பட்டது. 1834 இல் இம்மிசனின் கிளை தமிழ்நாட்டில் மதுரையிலும் தொடங்கப்பட்டது. மருத்துவப் பணியைப் பொறுத்தவரை, 1820 முதல் பண்டத்தரிப்பில் பணியாற்றிய ஜோன் ஸ்கடர் முதலாமவர். அவர் சென்னைக்குச் சென்ற பின்னரும் வேறு மருத்துவர்கள் வந்து பணியைத் தொடர்ந்தனர். அந்த வரிசையில் வந்தவரே கிறீன்.

முதலில் வட்டுக்கோட்டையில் தங்கிய கிறீன், 1848 இல் மானிப்பாய்க்கு இடம் மாறினார். மானிப்பாய் அக்காலத்தில் தமிழ் அச்சுத் தொழிலின் முக்கிய நிலையங்களுள் ஒன்றாக இருந்தது. மிசன் அச்சுக்கூடம் அங்கு இயங்கியது. யாழ்ப்பாண அகராதி, மானிப்பாய் அகராதி என்னும் பெயர்களால் குறிக்கப்படும் தமிழ் அகராதி 1842 இல் அங்கிருந்தே வெளிவந்தது. 1841 இல் தொடங்கிய உதயதாரகை என்னும் இதழும் அம்மிசன் சூழலில் தோன்றியதே. சொற்களைத் திரட்டும் பணியும் அவற்றை அச்சேற்றும் பணியும் ஏற்கனவே நடந்து கொண்டிருந்த ஓரிடத்தில் கிறீன் மருத்துவமனை நடத்த வந்தார் என்பது அவருடைய பிற்காலப் பணியைப் புரிந்துகொள்ள உதவும்.

மருத்துவக் கல்வி

மானிப்பாய்க்கு வந்தவுடன் நோயாளிகளைப் பார்ப்பதோடு மாணவர்களுக்கு மருத்துவம் கற்பிக்கவும் கிறீன் தொடங்கினார். ஒரு மருத்துவர் எவ்வளவு உழைத்தாலும் குடாநாடு முழுவதற்கும் போதாது. உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுவித்தால்தான் மருத்துவம் ஊர்தோறும் சென்றடையும் என்று அவர் கருதினார்.

தொடக்கத்தில் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடைபெற்றன. செமினரியில் ஆங்கிலம் படித்தவர்களே முதல் மாணவர்கள். செமினரி மாணவர்களுக்கு அமெரிக்க நன்கொடையாளர்களின் பெயர்களைச் சூட்டும் வழக்கம் அப்போது இருந்தது. கிறீனிடம் பயின்று பின் மொழிபெயர்ப்பில் துணைநின்ற தமிழர்களான டான்போர்த், சப்மன் ஆகியோரின் பெயர்கள் ஆங்கிலப் பெயர்களாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆங்கிலவழிக் கல்வியில் கிறீன் ஒரு குறையைக் கண்டார். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர்கள் அரசாங்க வேலைக்கும் கூடிய சம்பளத்துக்கும் வெளியூர் செல்ல விரும்பினர். எந்தக் கிராமங்களுக்காக அவர்கள் பயிற்றுவிக்கப்பட்டார்களோ, அந்தக் கிராமங்களில் அவர்கள் தங்கவில்லை. தமிழில் கற்றவர்கள் தம் ஊரிலேயே தங்கித் தம் மக்களுக்குப் பணிசெய்வார்கள் என்பது கிறீனின் எதிர்பார்ப்பு.

1854-55 இல் மிசன் சங்கத்தின் செயலர் ரூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த குழு, மிசன் கல்வி நாட்டு மொழியில் அமைய வேண்டும் என்று வலியுறுத்தியது. அதன் விளைவாக 1855 இல் வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. யாழ்ப்பாண மக்களில் பலர் இதனை விரும்பவில்லை. ஆங்கிலக் கல்வி வேலைவாய்ப்புக்கு வழி என்று அவர்கள் கருதினர். தமிழ்வழி மருத்துவக் கல்வி என்னும் கிறீனின் திட்டம் இவ்வாறான முரண்பாடு நிலவிய காலத்தில் உருவானதாகும்.

1857 இல் கிறீன் விடுப்பில் தாயகம் சென்றார். 1862 இல் மார்கிரட் பெல்ப்ஸ் வில்லியம்ஸ் என்பவரை மணந்து, அவ்வாண்டிலேயே மானிப்பாய் திரும்பினார். 1860களில் வகுப்புகளைத் தமிழுக்கு மாற்றினார். கிறீனிடம் மொத்தமாக 60க்கும் மேற்பட்டோர் மருத்துவம் கற்றுத் தேறினர். அவர்களுள் 33 பேர் தமிழிலேயே கற்றவர்கள்.

கலைச்சொல்லாக்க முறை

தமிழில் கற்பிப்பதற்குப் பாடநூல் தேவை. பாடநூலுக்குச் சொற்கள் தேவை. ஒரு சொல்லைத் தெரிவு செய்வதில் கிறீன் மூன்று படிகளைப் பின்பற்றினார்.

முதலாவது, தமிழ் நூல்களிலும் வழக்கிலும் ஏற்கனவே உள்ள சொல்லைத் தேடுதல். இரண்டாவது, தமிழில் இல்லையாயின் வடமொழியிலிருந்து சொல்லைப் பெறுதல். மூன்றாவது, இரண்டிலும் கிடைக்காதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப எழுதுதல்.

அவருடைய நூற்பெயர்களிலேயே இம்மூன்று படிகளின் விளைவையும் காணலாம். அறுவை மருத்துவ நூலுக்கு இரண வைத்தியம் என்று பெயரிட்டார். இரணம் என்பது புண்ணைக் குறிக்கும் சொல்லாக மக்களிடையே வழங்கியது. உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம் என்றும், உடலின் செயல்களை ஆராயும் துறைக்குச் சுகரணம் அல்லது சுகரணவாதம் என்றும், உடல்நலம் பேணும் துறைக்கு உற்பாலனம் என்றும் பெயர்கள் அமைந்தன. மருத்துவக் கைந்நூலுக்கு வைத்தியாகரம் என்று பெயர். ஆகரம் என்றால் சுரங்கம், உறைவிடம் என்று பொருள். வேதியியல் நூலோ கெமிஸ்தம் எனப் பெயர் பெற்றது. இது ஆங்கிலச் சொல்லைத் தழுவித் தமிழ் ஈறு சேர்த்து அமைத்த சொல்லாகும்.

இம்மூவகைப் படிநிலை இன்றும் தமிழ்க் கலைச்சொற்களில் காணப்படுகிறது. உயிர்வளி, பிராணவாயு, ஒட்சிசன் ஆகிய மூன்றும் ஒரே பொருளைக் குறிப்பவை. முதலாவது தமிழ், இரண்டாவது வடமொழி, மூன்றாவது ஒலிபெயர்ப்பு.

சொல்லும் விளக்கமும்

கலைச்சொல்லாக்கம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சொல்லைத் தேர்வதோடு நின்றுவிடுகின்றனர். பாடம் நடத்தும் ஆசிரியர் அதனோடு நிற்க முடியாது. மாணவர் அறியாத ஒரு பொருளுக்கு மாணவர் அறியாத ஒரு சொல்லைக் கொடுத்தால், அறியாமை இரண்டாகுமே தவிரக் குறையாது. ஆகவே புதிய சொல் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் தேவைப்படுகிறது. தொழில்நுட்ப நூல்களில் இது விரிவான வரையறை எனப்படும்.

சொற்பட்டியல், வரையறை, விரிவான வரையறை ஆகிய மூன்றும் வேறுபட்டவை. சொற்பட்டியல் ஒரு மொழிச் சொல்லுக்கு மற்றொரு மொழிச் சொல்லை மட்டும் தருவது. இரு மொழிகளுள் ஒன்றில் அப்பொருளை ஏற்கனவே அறிந்தவருக்கே அது பயன்படும். வரையறை என்பது பொருள் எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதையும், அவ்வினத்தின் பிறவற்றிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பதையும் ஓரிரு வாக்கியங்களில் கூறுவது. விரிவான வரையறையோ அதற்கு மேலும் சென்று, சொல் எவ்வாறு வந்தது, பொருளின் பகுதிகள் எவை, அது எங்கே உள்ளது, எவ்வாறு இயங்குகிறது, எதனை ஒத்திருக்கிறது, எதனோடு அதனைக் குழப்பிக் கொள்ளக் கூடாது என்பனவற்றை விளக்கும்.

தமிழில் மருத்துவம் எழுதுவோருக்குக் கடைசியாகக் கூறியது மிக இன்றியமையாதது. காரணம், உடலைப் பற்றிய சொற்கள் தமிழில் இல்லாமல் இல்லை. அவை நிறையவே உள்ளன. ஆனால் அவற்றின் பொருள் மேனாட்டு மருத்துவத்தின் பொருளோடு முழுதும் பொருந்துவதில்லை.

நரம்பு என்னும் சொல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. யாழின் தந்தியும் நரம்பு. கையில் புடைத்துத் தெரியும் இரத்தக்குழாயையும் மக்கள் நரம்பு என்பர். தசையை எலும்போடு இணைக்கும் நாணும் பேச்சு வழக்கில் நரம்பே. மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் உணர்ச்சியையும் கட்டளையையும் கடத்தும் இழையும் நரம்பே. அறுவை மருத்துவ மாணவர் ஒருவருக்கு இவை நான்கும் ஒன்றாகத் தோன்றுமாயின் நோயாளியின் உயிருக்கே ஆபத்தாகும். இரத்தக்குழாயை வெட்டினால் குருதி பெருகும். உணர்வு நரம்பை வெட்டினால் உறுப்பு மரத்துப் போகும். நாணை வெட்டினால் விரல் மடங்காது. ஆகவே நரம்பு என்ற சொல்லைத் தெரிந்தெடுத்துக் கொண்ட பிறகும், அது இங்கே எதனைக் குறிக்கிறது, எவற்றைக் குறிக்கவில்லை என்று வரையறுத்த பின்னரே அச்சொல் பயனுடையதாகும்.

நாடி என்பது மற்றொன்று. நாட்டு மருத்துவத்தில் நாடி பார்த்தல் என்பது வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றின் நிலையையும் மணிக்கட்டில் விரல் வைத்து அறிதலாகும். மேனாட்டு உடற்கூற்றியலில் அவ்விடத்தில் துடிப்பது இதயத்திலிருந்து குருதியை எடுத்துச் செல்லும் குழாய். இலங்கைப் பாடநூல்களில் இக்குழாய் நாடி என்றும், குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொணரும் குழாய் நாளம் என்றும் வழங்கலாயின. பழைய சொல் புதிய பொருளில் நிலைபெற வேண்டுமாயின், மாணவர் மனத்திலுள்ள பழைய பொருளை ஆசிரியர் எடுத்துக்காட்டி விலக்க வேண்டும்.

பித்தம் என்னும் சொல்லிலும் இதே இடர்ப்பாடு உண்டு. முக்குற்றங்களுள் ஒன்றான பித்தம் உடல் முழுவதும் பரவி நிற்கும் ஓர் இயல்பு. மேனாட்டு மருத்துவம் கூறும் பித்தமோ ஈரலில் சுரந்து, பித்தப்பையில் தங்கி, குடலில் கொழுப்புச் செரிமானத்துக்கு உதவும் ஒரு நீர்மம். சொல் ஒன்றாக இருப்பதே இங்கு குழப்பத்துக்குக் காரணம். முற்றிலும் புதிய சொல்லாயின் மாணவர் பொருள் கேட்பார். பழகிய சொல்லாயின் கேட்கமாட்டார், தமக்குத் தெரிந்த பொருளையே கொள்வார். ஆதலால் பழகிய சொற்களுக்கே விளக்கம் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

கிறீன் தெரிந்தெடுத்த மூல நூல்கள் இத்தேவைக்குப் பொருந்தியவை. என்றி கிறேயின் உடற்கூற்று நூல் முதன்முதலாக 1858 இல் இலண்டனில் வெளிவந்தது. அந்நூலில் ஒவ்வோர் உறுப்பும் ஒரே ஒழுங்கில் விளக்கப்படுகிறது. ஓர் எலும்பை எடுத்துக்கொண்டால், அதன் இடம், வடிவம், பக்கங்கள், மேடு பள்ளங்கள், பிற எலும்புகளோடு அது கூடும் மூட்டுகள், அதில் பற்றும் தசைகள் என விளக்கம் முறையாகச் செல்லும். அறியாத சொல் ஒன்று அறிந்த சொற்களால் கட்டப்பட்ட விளக்கத்தின் நடுவில் நிற்கும். வெளிவந்து 14 ஆண்டுகளுக்குள் இந்நூல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயரில் தமிழில் கிடைத்தது.

நூல்களோடு அருஞ்சொற்களின் தொகுதிகளையும் கிறீன் வெளியிட்டார். 1870களில் உடற்கூற்றியல், மருந்தியல், மகப்பேற்று மருத்துவம் முதலிய துறைகளுக்கான சொற்பட்டியல்கள் அச்சாயின. ஒரே பொருளை நூலுக்கு நூல் வெவ்வேறு சொல்லால் குறிக்காமல் இருப்பதற்கும், பின்வரும் மொழிபெயர்ப்பாளர்கள் அதே சொல்லைக் கையாள்வதற்கும் இப்பட்டியல்கள் உதவின. இவ்வாறு, பாடநூல் பொருளை விளக்க, பட்டியல் சொல்லை நிலைநிறுத்தியது.

தமிழ் மரபும் உரைநடையும்

தமிழில் அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறும் மரபு மிகப் பழையது. நிகண்டுகள் ஒருபொருட் பல சொற்களையும் பலபொருள் ஒருசொல்லையும் செய்யுளில் தொகுத்துத் தந்தன. உரையாசிரியர்கள் சொல்லின் பொருளை விளக்கி, ஐயம் எழும் இடங்களில் வேறு பொருள்களை மறுத்து, மேற்கோள் காட்டினர். மதுரையைச் சேர்ந்தவரான நச்சினார்க்கினியர் தொல்காப்பியத்துக்கும் பத்துப்பாட்டுக்கும் எழுதிய உரைகள் இம்மரபுக்குச் சான்று.

மருத்துவ நூல்களோ பெரும்பாலும் செய்யுளாகவே இருந்தன. யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவ நூல்களான செகராசசேகரம், பரராசசேகரம் ஆகியவையும் செய்யுள் நூல்களே. செய்யுள் மனனம் செய்ய எளிது. எனினும் அதன் பொருளை ஆசிரியர் வாயிலாகக் கேட்டறிய வேண்டும். ஆசிரியர் அருகில் இல்லாத ஊரில் பணிசெய்யும் மருத்துவருக்கு, தானே படித்துப் புரிந்துகொள்ளத்தக்க உரைநடை நூல் வேண்டும்.

கிறீன் பணியாற்றிய காலத்தில் தமிழ் உரைநடையும் உருப்பெற்று வந்தது. கிறீன் பிறந்த அதே 1822 ஆம் ஆண்டில் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர், பாடநூல்களையும் சமய நூல்களையும் தெளிவான உரைநடையில் எழுதி அச்சிட்டு வந்தார். சமயத் துறையில் இவ்விருவரும் எதிரெதிர் அணியினர். மிசன் பணிக்கு எதிராகச் சைவத்தை நிலைநிறுத்துவதே நாவலரின் நோக்கம். ஆயினும் கற்பிப்பதற்கு உரைநடையும் அச்சு நூலும் தேவை என்பதை இருவருமே செயலில் காட்டினர். 1862 இல் சென்னையில் வெளிவந்த மைரன் வின்சிலோவின் தமிழ் - ஆங்கிலப் பேரகராதியும் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அகராதிப் பணியின் தொடர்ச்சியே.

பிற நாடுகளில்

மேனாட்டு மருத்துவத்தைத் தம் மொழியில் எழுத முயன்றவர்கள் பிற நாடுகளிலும் இருந்தனர். சப்பானில் சுகிதா கென்பாகு முதலானோர் ஒல்லாந்த மொழியிலிருந்த உடற்கூற்று நூலொன்றை மொழிபெயர்த்து 1774 இல் வெளியிட்டனர். அவர்களும் ஏற்கனவே உள்ள சொல்லைப் பயன்படுத்துதல், பொருளைக் கொண்டு புதுச்சொல் அமைத்தல், ஒலியை அவ்வாறே எழுதுதல் என மூன்று வழிகளைக் கையாண்டனர். சீனத்தில் பெஞ்சமின் ஒப்சன் என்னும் ஆங்கில மருத்துவர் 1851 இல் சீன மொழியில் உடற்கூற்று நூலை வெளியிட்டார். இடத்தாலும் காலத்தாலும் வேறுபட்ட இவர்கள் ஏறத்தாழ ஒரே வகையான வழிகளைக் கண்டனர்.

இந்தியாவிலும் இலங்கையிலும் அரசின் போக்கு வேறாக இருந்தது. 1835 இல் கல்கத்தாவிலும் சென்னையிலும் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்வி நிலையங்களும், 1870 இல் கொழும்பில் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளியும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கற்பித்தன.

மொழிபெயர்ப்பு நூல்கள்

கிறீனின் தலைமையிலும் மேற்பார்வையிலும் வெளிவந்த முக்கிய நூல்கள் பின்வருமாறு:

* அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் (1850கள்) - கல்வின் கட்டரின் நூலின் தமிழாக்கம். உடற்கூறு, உடற்செயல், உடல்நலம் ஆகியவற்றைப் பற்றியது.
* பிரசவ வைத்தியம் (1857) - மோன்செல் எழுதிய மகப்பேற்று மருத்துவ நூலின் தமிழாக்கம்.
* இரண வைத்தியம் (1867) - துரூவிட் எழுதிய அறுவை மருத்துவ நூலின் தமிழாக்கம்.
* மனுஷ அங்காதிபாதம் (1872) - கிறேயின் உடற்கூற்று நூலின் தமிழாக்கம்.
* வைத்தியாகரம் (1872) - ஊப்பரின் மருத்துவக் கைந்நூலின் தமிழாக்கம்.
* கெமிஸ்தம் (1875) - வெல்சின் வேதியியல் நூலின் தமிழாக்கம்.
* மனுஷ சுகரணம் (1883) - டால்டனின் உடலியங்கியல் நூலின் தமிழாக்கம்.
* இந்து பதார்த்த சாரம் (1880கள்) - வேரிங் தொகுத்த இந்திய மருந்துப் பொருள்கள் பற்றிய நூலின் தமிழாக்கம்.

இவற்றைத் தவிர, வாந்திபேதி முதலியவை பற்றிப் பொதுமக்களுக்கான சிறு வெளியீடுகளையும் கிறீன் எழுதினார். 1866-67 இல் யாழ்ப்பாணத்தில் வாந்திபேதி கடுமையாகப் பரவியபோது அவரும் அவருடைய மாணவர்களும் மருத்துவப் பணியில் ஈடுபட்டனர்.

இந்நூல்களை ஒருவர் தனியாக எழுதவில்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, ஆங்கில நூல்களைப் படித்து, நோயாளிகளிடமும் பணியாற்றிப் பழகிய மாணவர்களின் உழைப்பு அவற்றில் பெரிது. கற்றவரே மொழிபெயர்ப்பாளராகவும் அமைந்ததால், எந்தச் சொல் மாணவருக்குப் புரியாது என்பதைத் தம் அனுபவத்திலேயே அவர்கள் அறிந்திருந்தனர்.

தமிழ்ப் பண்பாடு பற்றிய கருத்து

கிறீன் கிறித்தவத்தைப் பரப்ப வந்தவர். அந்நோக்கத்தை அவர் என்றும் மறைக்கவில்லை. ஆனால் கிறித்தவராக மாறுவோர் உடையிலும் உணவிலும் பழக்கவழக்கங்களிலும் ஆங்கிலேயராக மாற வேண்டியதில்லை என்பது அவருடைய உறுதியான கருத்து. தமிழர் தமிழராகவே இருந்து கிறித்தவராக வேண்டும் என்று அவர் விரும்பினார். மருத்துவத்தைத் தமிழில் கற்பித்ததும் இக்கருத்தோடு இயைந்ததே. மேனாட்டு அறிவைப் பெறுவதற்கு மேனாட்டு மொழியை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை என்பது அவருடைய பணியின் அடிப்படை.

இறுதிக்காலம்

உடல்நலக் குறைவால் கிறீன் 1873 இல் குடும்பத்தோடு அமெரிக்கா திரும்பினார். மீண்டும் அவர் யாழ்ப்பாணம் வரவில்லை. எனினும் வூஸ்டரில் இருந்தவாறே தமிழ் மருத்துவ நூல்களின் பணியைத் தொடர்ந்தார். யாழ்ப்பாணத்திலிருந்த மாணவர்களோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். கெமிஸ்தம், மனுஷ சுகரணம் ஆகியவை அவர் நாடு திரும்பிய பின் வெளிவந்தவை. 1884 மே 28 அன்று கிறீன் இல் வீட்டில் காலமானார். வூஸ்டரில் உள்ள அவருடைய கல்லறையில், தமிழர்களிடையே பணிபுரிந்த மருத்துவ ஊழியர் என்னும் பொருளில் அவரைப் பற்றிப் பொறிக்கப்பட்டுள்ளது.

மானிப்பாயில் அவர் பணியாற்றிய மருத்துவமனை கிறீன் நினைவு மருத்துவமனை எனப் பெயர் பெற்றது. ஈழத்துக் கவிஞர் அம்பி, கிறீனின் வாழ்வையும் பணியையும் ஆராய்ந்து கிறீனின் அடிச்சுவடு என்னும் நூலை 1967 இல் வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டில் கிறீனைத் தமிழ் வாசகர்களிடையே மீண்டும் அறியச் செய்ததில் அந்நூலுக்குப் பெரும்பங்கு உண்டு.

தாக்கமும் மதிப்பீடும்

கிறீனின் தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நீண்டகாலம் நிலைக்கவில்லை. இதற்குக் காரணங்கள் பல. அரசாங்கப் பணிக்கு ஆங்கிலம் தேவைப்பட்டது. 1872 இல், மனுஷ அங்காதிபாதம் வெளிவந்த அதே ஆண்டில், மக்களின் விருப்பத்துக்கு இணங்க வட்டுக்கோட்டையில் ஆங்கிலக் கல்விக்காக யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கப்பட்டது. மருத்துவ அறிவும் விரைவாக மாறிக்கொண்டிருந்தது. நோய்க்கிருமிகள் பற்றிய கண்டுபிடிப்புகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவத்தின் அடிப்படையையே மாற்றின. புதிய பதிப்புகள் தொடர்ந்து வராத மொழியில் பாடநூல் விரைவில் பழையதாகிவிடும். தமிழில் மட்டும் கற்றவருக்குப் புதிய ஆய்வுகளைப் படிக்க வழியில்லை என்பதும் உண்மையான இடர்ப்பாடே.

வகுப்புகள் நின்றபோது சொற்களும் மறைந்தன. சுகரணம், உற்பாலனம், கெமிஸ்தம் ஆகிய சொற்கள் இன்று வழக்கில் இல்லை. சுகரணம் என்பதன் இடத்தில் இலங்கையில் உடற்றொழிலியல் என்றும் தமிழ்நாட்டில் உடலியங்கியல் என்றும் வழங்குகின்றனர். கெமிஸ்தத்தின் இடத்தில் இலங்கையில் இரசாயனவியலும் தமிழ்நாட்டில் வேதியியலும் வழங்குகின்றன. கலைச்சொல் அதனைக் கையாளும் ஆசிரியரும் மாணவரும் உள்ளவரையே உயிரோடு இருக்கும் என்பதற்குக் கிறீனின் சொற்கள் சான்று.

ஆயினும் அவருடைய வழிமுறை பின்வந்தோரிடம் தொடர்ந்தது. 1916 இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரி முதலானோர் அறிவியல் சொற்களுக்காகச் சங்கம் அமைத்து இதழ் நடத்தினர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பள்ளிப் பாடநூல்களுக்காகச் சொற்றொகுதிகள் வெளியிடப்பட்டன. 1954 முதல் 1968 வரை பெரியசாமி தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம், சொல்லுக்குச் சொல் தருவதோடு நில்லாமல், ஒவ்வொரு பொருளையும் தமிழில் விரித்து விளக்கியது.

கிறீனைப் பற்றிய மதிப்பீடுகளில் அவர் ஆக்கிய சொற்களின் வடமொழிச் சார்பு குறையாகச் சுட்டப்படுவதுண்டு. அக்காலத்து எழுத்து வழக்கையும், தமிழ்ச் சொல்லையே முதலில் தேட வேண்டும் என்று அவர் வகுத்த ஒழுங்கையும் கருத்தில் கொண்டே இக்குறையை மதிப்பிட வேண்டும். சொற்கள் மாறின. ஆனால் ஓர் அறிவியல் துறை முழுவதையும் தமிழில் படித்து, தேர்வெழுதி, அவ்வறிவைக் கொண்டு நோயாளிகளுக்கு மருத்துவம் செய்த 33 பேர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தனர். தமிழில் உயர் மருத்துவம் கற்பிக்க இயலுமா என்னும் வினாவுக்கு அவர்களின் வாழ்வு ஒரு விடையாக அமைகிறது.